டீஸல் வண்டிகளில் எண்ணெய் வடிகட்டியின் எச்சரிக்கை விளக்கு

உழவர்களிடத்தில் இக்காலத்தில் உள்ள டீஸல் வண்டிகள் பல வகைப்படும். வயலில் உழைக்கும் டிராக்டரும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் சிறு சரக்கு வண்டியும், குடும்பத்தார் ஏறிச் செல்லும் காரும் ஜீப்பும் அவற்றுள் அடங்கும். புதிய வண்டிகளில் ஓட்டுபவரின் முன்னுள்ள பலகையில் பல சிறு விளக்குகள் அமைந்திருக்கின்றன. எண்ணெய் வடிகட்டியைப் பற்றி அறிவிக்கும் விளக்கு அவற்றுள் ஒன்று. இவ்விளக்கு எரியத் தொடங்கிய பின்னும் வண்டி சிறிது காலம் வழக்கம்போலவே ஓடுமாதலால், பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் இதனை அலட்சியம் செய்வதால் விளையும் நஷ்டம் சிறியதன்று. ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றிச் செல்லும் வண்டி நடுவழியில் நின்றுவிடுமாயின், பட்டறைக் கூலியோடு சரக்கின் விலையும் சேர்ந்து போய்விடும். ஆகவே இவ்விளக்கு எதனை அறிவிக்கின்றது, அது எரிந்தால் உடனே செய்யத்தக்கது யாது, எரியாமல் காத்துக்கொள்வது எங்ஙனம் என்னும் மூன்றையும் வண்டி வைத்திருப்போர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

டீஸல் எஞ்சினின் தன்மை

ஜெர்மானியப் பொறியாளரான ருடால்ப் டீஸல் என்பவர் 1892-ஆம் ஆண்டில் தமது எஞ்சினுக்கு உரிமை கோரி விண்ணப்பித்தார். 1897-ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் அவ்வெஞ்சின் வெற்றியுடன் ஓட்டிக் காட்டப்பட்டது. பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி ஒன்று எண்ணெய் ஆவியைப் பற்றவைக்கின்றது. டீஸல் எஞ்சினிலோ பொறி இல்லை. சிலிண்டருக்குள் காற்று மட்டும் மிகுதியாக அழுத்தப்பட்டுக் கடும் சூடடைகின்றது. அச்சூட்டினுள் எண்ணெய் பனித்திவலைபோல் பீச்சப்பட்டதும் தானே தீப்பற்றுகின்றது. ஆகையால் எண்ணெயை அளந்து, உரிய நொடியில், நுண்ணிய தாரையாகப் பீச்சும் பம்பும் நாஸிலுமே இவ்வெஞ்சினின் உயிர்நிலை எனலாம்.

1927-ஆம் ஆண்டில் பாஷ் கம்பெனியார் இத்தகைய பம்புகளைப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கினர். 1936-இல் பெர்லின் மோட்டார்க் காட்சியில் வைக்கப்பட்ட மெர்ஸிடிஸ்-பென்ஸ் 260 டி என்பது முதன்முதல் விற்பனைக்கு வந்த டீஸல் கார்களில் ஒன்று. 1997-இல் ‘காமன் ரெயில்’ என்னும் முறை கார்களில் புகுந்தது. இம்முறையில் எண்ணெய் ஒரு பொதுக் குழாயில் மிகுந்த அழுத்தத்துடன் தேக்கி வைக்கப்பட்டு, அங்கிருந்து ஒவ்வொரு இஞ்செக்டருக்கும் செல்கின்றது. இக்காலத்து எஞ்சின்கள் பலவற்றில் அவ்வழுத்தம் 2,000 பார் அளவை எட்டுகின்றது. அஃதாவது ஒரு சதுர அங்குலத்திற்குச் சுமார் 29,000 ராத்தல். கார்ச் சக்கரத்தில் அடைக்கும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 30 ராத்தலே என்பதனை நினைத்துப் பார்த்தால், எண்ணெய்க் குழாயில் அதனைப்போல் ஆயிரம் மடங்கு அழுத்தம் உள்ளமை விளங்கும்.

வடிகட்டியின் வேலை

இவ்வளவு அழுத்தத்தைத் தாங்குதற்பொருட்டுப் பம்பிலும் இஞ்செக்டரிலும் உள்ள உறுப்புக்கள் ஒன்றோடொன்று மிக நெருக்கமாகப் பொருத்தப்பட்டுள்ளன. அவற்றின் இடைவெளி ஒரு சில மைக்ரான் அளவேயாகும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதனுடைய தலைமயிரின் பருமன் சுமார் 70 மைக்ரான். ஆதலால் கண்ணுக்குத் தோன்றாத தூசியும் இவ்வுறுப்புக்களைத் தேய்த்துவிடும். எண்ணெய்த் தொட்டிக்கும் பம்புக்கும் இடையே வடிகட்டி வைக்கப்பட்டிருப்பது இதன்பொருட்டே. பட்டறைகளில் இதனை ‘டீஸல் பில்டர்’ என்பர்.

வடிகட்டியின் உள்ளே மடிப்பு மடிப்பாக அமைந்த ஒருவகைத் தாள் இருக்கின்றது. எண்ணெய் அதனை ஊடுருவிச் செல்லும்பொழுது தூசி தாளில் தங்குகின்றது. வடிகட்டிக்கு மற்றொரு வேலையும் உண்டு. அஃது எண்ணெயில் கலந்து வரும் ஜலத்தைப் பிரித்தலாம். தாள் ஜலத்தை ஏற்காதவாறு பக்குவம் செய்யப்பட்டிருப்பதால், சிறு துளிகள் ஒன்றுகூடிப் பெருந்துளிகளாகிக் கீழே இறங்குகின்றன. ஒரு லிட்டர் ஜலத்தின் எடை 1,000 கிராம். ஒரு லிட்டர் டீஸலின் எடையோ 820 முதல் 845 கிராம் வரையிலேயே உள்ளது. கனமான ஜலம் அடியிலும் இலேசான எண்ணெய் மேலும் நிற்பது இதனாலேயே. வடிகட்டியின் அடியிலுள்ள சிறு கிண்ணத்தில் இந்த ஜலம் சிறிது சிறிதாகச் சேர்கின்றது.

விளக்கு எரியும் விதம்

கிண்ணத்தின் அடியில் இரண்டு உலோக முனைகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. டீஸல் எண்ணெய் மின்சாரத்தைக் கடத்துவதில்லை எனலாம். எண்ணெயில் கலந்து வரும் ஜலம் கடத்துகின்றது. ஜலமட்டம் உயர்ந்து இரு முனைகளையும் தொட்டவுடன் அவற்றிடையே மின்சாரம் பாய்கின்றது. உடனே பலகையில் விளக்கு எரிகின்றது. ஆகவே இவ்விளக்கு எரிவதன் பொருள், ‘கிண்ணம் நிரம்பிவிட்டது; இனி வரும் ஜலத்திற்கு இடமில்லை’ என்பதே. இடமில்லாத ஜலம் பம்பை நோக்கிச் செல்லும். விளக்கு எரிந்த பின்னும் வண்டி நன்றாக ஓடுகின்றதே என்று இருந்துவிடுதல், நெற்குதிரில் எலி புகுந்ததை அறிந்தும் குதிர் நிற்கின்றதே என்று இருப்பதை ஒக்கும்.

சில வண்டிகளில் வடிகட்டி அடைபட்டிருப்பதை அறிவிக்கவும் ஏற்பாடு உண்டு. ஜலத்திற்கு விளக்கு மினுக்குவதும், அடைப்பிற்கு நிலையாக எரிவதும் அவற்றுள் ஒரு முறை. இவ்விஷயத்தில் வண்டிக்கு வண்டி வேற்றுமை உள்ளமையால், வண்டியுடன் வந்த கைப்புத்தகத்தில் இதனை ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளல் வேண்டும்.

விளக்கை அடையாளம் காணுதல்

இவ்விளக்கு சாதாரணமாக மஞ்சள் நிறமுடையது. வடிகட்டியைக் குறிக்கும் புனல் போன்ற உருவமும் அதன் கீழே துளிகளும், அல்லது எண்ணெய் பம்பின் உருவமும் அருகே துளிகளும் வரையப்பட்டிருக்கும். துளியில்லாத பம்பின் உருவம் மட்டும் எரிந்தால், அது தொட்டியில் எண்ணெய் குறைந்ததற்கு அடையாளம். சுருள் கம்பி போன்ற உருவம் எஞ்சினைக் குளிரில் கிளப்புவதற்கு முன் சூடேற்றும் பிளக்கைக் குறிப்பது. இம்மூன்றையும் ஒன்றாக எண்ணி மயங்கலாகாது.

சாவியைத் திருப்பியவுடன் பல வண்டிகளில் இவ்விளக்குகள் சில விநாடி எரிந்து பின் அணைகின்றன. இஃது எச்சரிக்கையன்று, விளக்குகள் பழுதின்றி உள்ளனவா என்னும் சோதனையேயாகும். அச்சமயத்தில் எரிய வேண்டியதாகக் கைப்புத்தகத்தில் கண்டுள்ள விளக்கு ஒரு நாள் எரியாவிட்டால், கம்பியிலோ விளக்கிலோ குற்றம் உண்டு. எரியாத எச்சரிக்கை விளக்கு, குரைக்காத காவல் நாய்க்குச் சமானமாகும்.

மேடு பள்ளங்களிலும் வளைவுகளிலும் மட்டும் விளக்கு எரிந்து அணைவதுண்டு. ஜலமட்டம் முனைகளுக்கு மிக அருகில் உயர்ந்திருப்பதால், வண்டி சாயும்பொழுது ஜலம் அவற்றைத் தொட்டு விலகுகின்றது என்று பெரும்பாலும் கொள்ளலாம். தானே அணைந்துவிட்டதென்று விட்டுவிடாமல் அன்றைக்கே ஜலத்தை வடித்துவிடுதல் நன்று.

ஜலம் வரும் வழிகள்

தொட்டியில் உள்ள வெற்றிடத்துக் காற்று இரவில் குளிர்ந்து நீராகப் படிவதே ஜலத்திற்குக் காரணம் என்று பலர் சொல்வதுண்டு. இது பொய்யன்று, ஆனால் இதன் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தல் நல்லது. 35 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று மிகுதியாகச் சுமக்கக்கூடிய ஈரம் சுமார் 40 கிராம். 22 டிகிரியில் சுமார் 19 கிராம். ஆகவே குளிரும்பொழுது மிகுதியாய்ப் போனால் 21 கிராம் நீர் படியும். 50 லிட்டர்த் தொட்டியில் 40 லிட்டர் வெற்றிடம் இருந்தால், ஓர் இரவில் படிவது ஒரு கிராமுக்கும் குறைவே. நாள்தோறும் ஓடும் காரில் இஃது அற்பம். ஆயினும் 200 லிட்டர்ப் பீப்பாயைக் கால்பங்கு எண்ணெயுடன் மாதக்கணக்கில் வெளியில் போட்டு வைத்தால், ஒவ்வொரு நாளும் புதுக்காற்று உட்புகுந்து, இக்கணக்கே பெருகிக்கொண்டு போகும்.

இரண்டாவது வழி எண்ணெயுடனேயே வருவது. ஈ.என். 590 என்னும் ஐரோப்பியத் தர விதிப்படி ஒரு கிலோகிராம் டீஸலில் 200 மில்லிகிராம் வரை ஜலம் இருக்கலாம். 50 லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 42 கிலோகிராம். ஆகவே தரமான எண்ணெயிலும் ஒரு தொட்டிக்கு 8 கிராம் அளவு ஜலம் வர இடமுண்டு. இதில் ஒரு பகுதி எண்ணெயில் கரைந்தே எஞ்சினுக்குச் சென்றுவிடும். மற்றது பிரிந்து கிண்ணத்தில் தங்கும். தாவர எண்ணெயிலிருந்து செய்யப்படும் பயோடீஸல் கலந்த எண்ணெய் சாதா டீஸலைக் காட்டிலும் அதிக ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. நல்ல இடத்தில் எண்ணெய் வாங்குவோரும் கிண்ணத்தைக் கவனிக்க வேண்டுவது இதனாலேயே.

மூன்றாவது வழியே பெருங்கேட்டிற்குக் காரணமானது. அது மழையும் கவனக்குறைவுமாகும். மூடி சரியாகப் பொருந்தாத தொட்டி, ஐப்பசி கார்த்திகை மழையில் திறந்து வைத்த கேன், ஈரம் உலராத புனல், பெருக்கில் மூழ்கிய வண்டி ஆகியவற்றால் ஒரே நாளில் கிண்ணம் நிரம்பிவிடும். நிமிர்த்தி வைத்த பீப்பாயின் தலைப்பில் மழைநீர் தேங்கும். மூடி இறுகியிருப்பதுபோல் தோன்றினும், பகலில் விரிந்த காற்று இரவில் சுருங்கும்பொழுது அந்நீர் மரையிடுக்கு வழியே உள்ளே இழுக்கப்படும்.

ஜலத்தால் விளையும் கேடுகள்

பம்பிற்கும் இஞ்செக்டருக்கும் தனியே மசகு எண்ணெய் விடப்படாத அமைப்பே பெரும்பாலும் உள்ளது. அவற்றின் ஊடே செல்லும் டீஸலே மசகாகவும் உதவுகின்றது. எண்ணெய்க்குப் பதிலாக ஜலம் சென்றால், உலோகத்தோடு உலோகம் உராய்ந்து தேய்கின்றது. வண்டி நிற்கும் காலத்தில் துரு பிடிக்கின்றது. சூடான நாஸில் முனையில் ஜலம் திடீரென ஆவியாகி அதனைச் சேதப்படுத்துவதும் உண்டு. தேய்ந்த உலோகத்தூள் குழாய்கள் எங்கும் பரவிவிட்டால், பம்பு, இஞ்செக்டர்கள், குழாய்கள் ஆகிய யாவற்றையும் மாற்ற நேரிடும். இஞ்செக்டர் ஒன்றின் விலையே வடிகட்டியின் விலையைப்போல் பன்மடங்காகும்.

அன்றியும், எண்ணெயும் ஜலமும் சேரும் எல்லையில் ஒருவகைப் பூஞ்சணமும் நுண்ணுயிர்களும் வளர்கின்றன. இவை கருமையான வழவழப்புள்ள கசடாகத் திரண்டு வடிகட்டியை அடைக்கும். ஜலம் இல்லாத எண்ணெயில் இவை வளர இயலாது.

விளக்கு எரிந்தால் செய்யத்தக்கது

ஓடும்பொழுது விளக்கு எரிந்தால், வேகத்தைக் குறைத்து, பாதையோரத்தில் பத்திரமான இடத்தில் வண்டியை நிறுத்துக. எஞ்சின் தட்டுதல், புகைதல், இழுவை குறைதல் முதலிய குறிகளும் சேர்ந்திருந்தால் அதற்குமேல் ஓட்டலாகாது. எண்ணெய் நிரப்பிய சிறிது நேரத்திலேயே இக்குறிகள் தோன்றினால், அவ்வெண்ணெயிலேயே ஜலம் மிகுந்திருத்தல் கூடும். அச்சமயம் கிண்ணத்தை மட்டும் வடித்துப் பயனில்லை. தொட்டியையே வடித்துச் சுத்தம் செய்தல் வேண்டும். வடித்ததில் சிறிது கண்ணாடிப் புட்டியில் எடுத்து வைத்து, எண்ணெய் வாங்கிய ரசீதுடன் பங்க்காரரிடம் காட்டுக. அளவுக்கோலில் ஒருவகைப் பசையைத் தடவித் தரையடித் தொட்டியில் விட்டால், ஜலம் பட்ட இடத்தில் அப்பசை நிறம் மாறும். அச்சோதனையைச் செய்யுமாறு கேட்டல் தகும்.

ஜலத்தை வடிக்கும் முறை

வடிகட்டியின் அடியில் வடிகுழாய்த் திருகு ஒன்று உண்டு. அதன் இடமும் திருப்பும் விதமும் கைப்புத்தகத்தில் கண்டிருக்கும். பொதுவான முறை பின்வருமாறு:

1. எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுக. எஞ்சின் ஆறும் வரையில் காத்திருக்க. அருகில் பீடி, சுருட்டு, விளக்கு முதலிய நெருப்பு ஒன்றும் கூடாது.

2. திருகின் சுற்றுப்புறத்தைத் துணியால் துடைத்துவிட்டு, அடியில் ஒரு பாத்திரத்தை வைக்க.

3. திருகைச் சிறிது மட்டும் தளர்த்துக. முழுவதும் கழற்ற வேண்டுவதில்லை. திரவம் இறங்காவிட்டால், கைப்பம்பு உள்ள வண்டிகளில் அதனை மெதுவாக அழுத்துக.

4. முதலில் ஜலமும் கசடும், பின்னர் தெளிந்த எண்ணெயும் வரும். கண்ணாடிப் புட்டியில் பிடித்தால் இரண்டும் பிரிந்து நிற்பதைக் காணலாம். தெளிந்த எண்ணெய் வந்தவுடன் திருகைக் கையால் இறுக்குக. சாவியிட்டு மிகைப்பட இறுக்கினால் திருகு உடையும்.

5. கைப்பம்பு கடினமாகும் வரையில் அதனை அழுத்தி, எண்ணெயை நிரப்பி, எஞ்சினைக் கிளப்புக. கசிவு உண்டாவெனப் பார்க்க. விளக்கு அணைந்திருத்தல் வேண்டும்.

வடித்ததை நிலத்திலோ, வாய்க்காலிலோ, கிணற்றருகிலோ கொட்டலாகாது. எண்ணெய் பட்ட மண்ணில் பயிர் செழிக்காது. கிணற்று நீரும் கெடும். மூடியுள்ள கேனில் சேர்த்து வைத்துப் பழைய எஞ்சின் எண்ணெயை வாங்குவோரிடம் ஒப்படைக்க.

பழைய டிராக்டர்களில் குழாய் முனையைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றும் வழக்கம் உண்டு. பட்டறைக்காரர் இதனை ‘ஏர் எடுத்தல்’ என்பர். காமன் ரெயில் வண்டிகளில் எஞ்சின் ஓடும்பொழுது அழுத்தக் குழாயைத் தளர்த்துதல் உயிருக்கே ஆபத்து. முன் கூறிய அழுத்தத்தில் பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உடம்பினுள் புகும். ஊசி குத்தியது போன்ற சிறு காயமாகவே தோன்றினும், உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லாவிடில் கையையோ விரலையோ இழக்க நேரிடலாம்.

வடித்த பின்னும் விளக்கு அணையாவிடில்

இதற்குக் காரணங்கள் மூன்று. தொட்டியில் இன்னும் ஜலம் இருந்து மீண்டும் கிண்ணம் நிரம்பியிருத்தல் ஒன்று. உலோக முனைகளில் கசடு படிந்தோ, கம்பி இணைப்பில் ஈரம் புகுந்தோ இருத்தல் மற்றொன்று. சில வண்டிகளில் பட்டறைக் கருவியினால் எச்சரிக்கையை நீக்க வேண்டியிருத்தல் மூன்றாவது. இருமுறை வடித்தும் துளி ஜலமும் வராமல் விளக்கு மட்டும் எரிந்தால், முனைகளையும் இணைப்பையும் சோதிப்பிக்க. கம்பியை அறுத்து விளக்கை அணைப்பது நோயை விட்டு நாடியை மறைப்பதாகும்.

வடிகட்டியை மாற்றுதல்

கிளப்புவதற்கு நேரமாதல், மேட்டில் இழுவை குறைதல், வேகத்தில் தயக்கம் ஆகியவை வடிகட்டி அடைபட்டதன் குறிகள். கைப்புத்தகத்தில் கண்ட தூரத்திற்கு ஒருமுறை, தூசி மிகுந்த இடங்களில் அதற்கு முன்னரும், புது வடிகட்டி போடுதல் வேண்டும். பழையதைக் கழுவி மீண்டும் போடுதல் சிக்கனமன்று. காமன் ரெயில் வண்டிகளில் புது வடிகட்டியின் வாயில் கேனிலிருந்து எண்ணெயை ஊற்றி நிரப்பலாகாது. வடிகட்டாத எண்ணெய் நேரே பம்புப் பக்கம் சென்றுவிடும். கைப்பம்பினாலோ மின்பம்பினாலோ நிரப்புவதே முறை.

குளிர்ப் பிரதேசங்களில் டீஸலிலுள்ள மெழுகு உறைந்து வடிகட்டியை அடைப்பதும் உண்டு. லடாக்கு போன்ற இடங்களுக்கென மைனஸ் 33 டிகிரி வரையில் உறையாத குளிர்கால டீஸலை இந்தியன் ஆயில் நிறுவனத்தார் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தமிழ்நாட்டுச் சமவெளிகளில் இக்கவலை இல்லை.

எண்ணெயைச் சேமிக்கும் முறை

டிராக்டருக்கெனப் பீப்பாயில் எண்ணெய் வைத்திருப்போர் அதனை நிழலில், கூரையின்கீழ், மரக்கட்டைகளின்மேல் படுக்கையாக வைத்தல் வேண்டும். நிறைந்த பீப்பாயின் இரு மூடிகளும் ஒரே மட்டத்தில் பக்கவாட்டில் அமையுமாறு திருப்பினால், உள்ளிருக்கும் எண்ணெய் அவற்றை மூடிக் காற்றையும் ஈரத்தையும் தடுக்கும். எடுத்துப் பயன்படுத்தும் காலத்தில் குழாய் பொருத்திய முன்பக்கம் சில அங்குலம் உயர்ந்தும் பின்பக்கம் தாழ்ந்தும் இருப்பின், ஜலமும் கசடும் பின்னே தங்கும். பீப்பாயை உருட்டிய பின் ஒரு நாள் முழுவதும் தெளியவிட்டே எண்ணெய் எடுக்க. துத்தநாகம் பூசிய வாளியும் தொட்டியும் டீஸலுக்கு ஆகா. துத்தநாகம் எண்ணெயில் கலந்து நாஸிலைக் கெடுக்கும். அறுவடை முடிந்து நெடுநாள் நிற்கப்போகும் வண்டியின் தொட்டியை நிரப்பி வைப்பது நலம். மீண்டும் எடுக்கும் நாளில் முதல் வேலையாகக் கிண்ணத்தை வடிக்க.

நினைவில் வைக்க வேண்டியவை

மஞ்சள் விளக்கு எரிந்தால் கிண்ணம் நிரம்பியதென்று அறிக. எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, தெளிந்த எண்ணெய் வரும் வரையில் வடிக்க. மீண்டும் மீண்டும் எரிந்தால் தொட்டியையும், பீப்பாயையும், எண்ணெய் வாங்கும் இடத்தையும் ஆராய்க. விளக்கு எரியும் வரையில் காத்திராமல், மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை கிண்ணத்தை வடிப்பது நல்ல வழக்கம். கால் மணி நேரத்தில் முடியும் இவ்வேலை, அறுவடை நாளில் வண்டி நில்லாமல் காப்பதோடு, பம்பையும் இஞ்செக்டரையும் நெடுங்காலம் உழைக்கச் செய்யும்.